தெருவுக்குத் தள்ளிய மழை

2015-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களின் முதல் இரு நாள்களில் சென்னை நீரில் மூழ்கியது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரைமீறிப் பாய்ந்தது; மாடி வீட்டாரும் படகை எதிர்நோக்கி நின்றனர். அதன்பின் நான்கு ஆண்டுகள் முழுமையாகக் கழியவில்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் அதே சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு வெடித்தன. சூலை 12-ஆம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து 25 இலக்கம் இலிட்டர் நீரை ஏற்றிக்கொண்டு தொடர்வண்டி ஒன்று வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 

ஒரே ஊர், ஒரே வானம். மூழ்கியதும் நீரால், தவித்ததும் நீரால். இதனை இயற்கையின் சீற்றம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார் உளர். ஊழ் என்று சொல்லிப் பெருமூச்செறிவாரும் உளர். இரண்டும் பொருந்தா. வெள்ளமும் வறட்சியும் அங்கே இருவேறு நோய்கள் அல்ல. ஒரே நோயின் இருவேறு குறிகள். பெய்யும் நீரைப் பெய்த இடத்தில் நிற்கவிடாமல் கடலுக்கு விரட்டுவதே அந்நோய். அதற்குரிய மருந்தின் ஒரு பகுதி அரசின் கையில் இருக்கிறது. மற்றொரு பகுதி ஒவ்வொரு வீட்டின் கூரைமேலும் கிடக்கிறது. அரசின் பங்கைப் பற்றிப் பேசுவார் பலர். கூரைமேற் கிடப்பதைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே.

கலிங்கு கற்பிக்கும் நெறி

சென்னையும் அதனைச் சூழ்ந்த செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களும் ஏரிகளால் ஆன நிலம். மேட்டு ஏரி நிறைந்தால் அதன் கலிங்கு வழியே வழிந்த நீர் அடுத்த ஏரிக்குச் சென்றது. அதுவும் நிறைந்தபின் அதற்கடுத்த ஏரிக்குச் சென்றது. எல்லாம் நிறைந்தபின் எஞ்சியதே ஆற்றுக்கும் கடலுக்கும் போயிற்று. கலிங்கு என்னும் அச்சிறு சொல்லுக்குள் ஒரு பெருநெறி அடங்கியிருக்கிறது. முதலில் நிறைதல், பின்னரே வழிதல் என்பது அந்நெறி.

இன்றைய நகரில் அந்நெறி தலைகீழாயிற்று. நுங்கம்பாக்கத்திற்கும் மாம்பலத்திற்கும் இடையே நீண்டு கிடந்த பேரேரி தூர்க்கப்பட்டு, 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்து ஏரி கிடந்த இடத்தில் 1976-ஆம் ஆண்டில் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. ஏரியே இல்லாத இடத்தில் ஏரியின் பெயரைத் தாங்கிய சாலை ஒன்று மேற்கு மாம்பலத்தில் இன்றும் உண்டு. தாங்கல் என்றால் நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி; மடு என்றால் ஆழ்ந்த நீர்நிலை. பழவந்தாங்கல் என்றும் மடுவின்கரை என்றும் நாள்தோறும் வாயாற் சொல்லிக்கொண்டே, அங்கெல்லாம் மழைக்காலத்தில் ஏன் நீர் நிற்கிறது என்று வியக்கின்றனர் நகர மக்கள். ஊர்ப்பெயர் விடையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது; கேட்பார்தாம் இல்லை.

தென்சென்னையின் வெள்ளத்தையெல்லாம் ஏற்றுக்கொண்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குப்பை மேட்டாலும் கட்டடங்களாலும் தன் பெரும்பகுதியை இழந்தது. எஞ்சியதைக் காக்கவேண்டும் என்று 2022-ஆம் ஆண்டில் அதனை உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களின் இராம்சார்ப் பட்டியலிற் சேர்த்தனர். நன்று. ஆனால், ஏரியும் சதுப்பும் ஏற்றுக்கொண்ட நீரை இனி ஏற்பார் யார்? அவ்விடங்களில் இன்று நிற்பவை வீடுகள். ஏரி செய்த வேலையின் ஒரு பங்கை அவ்வீடுகளே செய்தாக வேண்டும். இது விருந்தோம்பல் அன்று, கடன் அடைத்தல்.

கூரையின் கணக்கு

ஒரு வீடு என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர் கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் கிடைப்பது 1 இலிட்டர் நீர். 1,000 சதுர அடிக் கூரை ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரே நாளில் 100 மி.மீ. பெய்வது சென்னைக்குப் புதிதன்று. அந்நாளில் அக்கூரைமேல் விழுவது 9,300 இலிட்டர். தெறித்தும் உலர்ந்தும் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று என்று வைத்துக்கொண்டாலும் 7,400 இலிட்டர் எஞ்சும்.

அத்தகைய வீடுகள் ஐம்பது உள்ள தெருவை எண்ணிப் பார்க்க. கூரைநீர் மட்டும் 3,70,000 இலிட்டர். பத்தாயிரம் இலிட்டர் கொள்ளும் தண்ணீர்ச் சுமையுந்துகள் முப்பத்தேழினை ஒரே நாளில் ஒரே தெருவிற் கொண்டுவந்து கவிழ்த்தது போன்ற நிலை அது. சாலையின் மேல் பெய்த மழை இதற்கு மேலும் உண்டு. இவ்வளவையும் ஈரடி அகல வடிகால் ஒன்று விழுங்கிவிடும் என்று நம்புவதும், விழுங்காதபோது மாநகராட்சியைத் திட்டுவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன.

இன்னுமொரு கணக்கு. சோலையார்பேட்டையிலிருந்து அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த 25 இலக்கம் இலிட்டர் நீர், 100 மி.மீ. பெய்யும் ஒரே நாளில், 1,000 சதுர அடிக் கூரையுடைய ஏறத்தாழ 340 வீடுகளின் கூரைகளிலிருந்து தானாகவே கிடைக்கிறது. தொடர்வண்டி வேண்டா, கூலி வேண்டா. ஆண்டு முழுதும் சென்னையிற் பெய்யும் மழையை 1,300 மி.மீ. என்று கொண்டால், அத்தகைய ஒரு கூரை தரும் நீர் ஏறத்தாழ 96,000 இலிட்டர். நாளொன்றுக்கு 400 இலிட்டர் செலவிடும் குடும்பத்திற்கு அது 240 நாள்களுக்குப் போதும். தெருவுக்குத் தள்ளிய அந்நீரைத்தான் சித்திரையிலும் வைகாசியிலும் சுமையுந்துக்காரரிடம் விலைகொடுத்து வாங்குகின்றனர் மக்கள்.

இரு நீர் கலத்தல் ஆகாது

தெருவுக்குத் தள்ளிய மழை வெள்ளமாக மட்டும் மாறுவதில்லை, நஞ்சாகவும் மாறுகிறது. கூரையில் விழும்போது அது வானத்தின் தூய நீர். வாயிற்படியைத் தாண்டிய அந்த நொடியிலிருந்து அது வழியிற் கிடப்பவற்றையெல்லாம் வாரிக்கொள்கிறது. வண்டிகள் சிந்திய எண்ணெய், தேய்ந்த உருளைப் பட்டையின் துகள், நாய்மலம், அழுகிய குப்பை, நெகிழிப் பை ஆகிய யாவும் அதனோடு செல்கின்றன. மழைநீர் வடிகாலின் கடைவாயிலில் நீரைத் தூய்மையாக்கும் நிலையம் எதுவும் இல்லை. கூவமும் அடையாறும் பக்கிங்காம் கால்வாயும் அவ்வழுக்கை அப்படியே பெற்றுக் கடலிற் சேர்க்கின்றன. 2023-ஆம் ஆண்டு திசம்பரில் மிக்சாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திற் பரவியது. படகும் வலையும் கரியேறி, மீனவர் பிழைப்பு கெட்டது. அது பெருந்தொழிலின் குற்றம். அதனை வீடுகளின்மேற் சுமத்தல் முறையன்று. ஆயினும், தெருவில் ஓடும் நீர் எதைத் தொட்டாலும் அதனைச் சுமந்துசென்று எளியவர் வாயிலில் இறக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டா.

இதனினும் கொடிய தவறொன்று வீடுகளுக்குள்ளேயே நடக்கிறது. சென்னையில் மழைநீர் வடிகால் வேறு. நிலத்தடிச் சாக்கடை வேறு. முன்னது ஆற்றுக்கும் கடலுக்கும் செல்வது. பின்னது கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களிலுள்ள தூய்விப்பு நிலையங்களுக்குச் செல்வது. இவ்விரண்டும் கலத்தல் ஆகாது என்பதே அமைப்பின் அடிப்படை. ஆனால், மாடிக் குழாயைச் சாக்கடைக் குழியில் இறக்கிவிட்டு, வாயிலில் நீர் நிற்கவில்லை என்று மகிழ்வார் பலர். குளிக்கவும் சமைக்கவும் கழுவவும் செலவிடும் நீருக்கென அளந்து பதித்த குழாய் அது. ஒரே மணியில் நூறு கூரைகளின் மழை அதற்குள் பாய்ந்தால் என்னாகும்? தெருவிலுள்ள மூடிகள் பெயர்ந்து கழிவுநீர் பொங்கும். தாழ்வான வீடுகளின் கழிப்பறை வழியே அது திரும்பி வரும். தூய்விப்பு நிலையமும் தன் அளவுக்கு மேல் வந்ததைத் தூய்மையாக்காமலே வெளிவிடும்.

இதற்கு மறுதலையான தவறும் உண்டு. சாக்கடை இணைப்புக்குப் பணம் கட்ட மனமில்லாமல், இரவோடிரவாகக் கழிப்பறைக் குழாயை மழைநீர் வடிகாலில் இணைப்பார் சிலர். அவ்வடிகாலில் கோடையிலும் நீர் ஓடுவதைக் கண்டால் அது மழைநீர் அன்று என்பது யாருக்கும் விளங்கும். கூவத்தின் நாற்றத்தைக் கேட்டு மூக்கைப் பொத்துவோர், அந்நாற்றம் எந்த வீட்டின் பின்புறத்திலிருந்து புறப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்விரு தவறுகளின் பயனை முதலில் நுகர்வோர் யார்? மேட்டில் மாடி கட்டியவர் அல்லர். ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் குடிசையிட்ட உழைப்பாளரும், தாழ்தெருவில் வாடகைக்கிருக்கும் ஏழையருமே. வெள்ளம் வடிந்தபின் அவர் கிணற்றிலும் தரைத்தொட்டியிலும் கழிவுநீர் கலந்திருக்கும். வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும் அங்கிருந்தே தொடங்கும். ஒருவர் வீட்டுக்கூரையின் மழை மற்றொருவர் வீட்டுப் பிள்ளையின் நோயாக மாறுகிறது. ஆதலின் இது வெறும் நீர்க்கணக்கன்று, அறக்கணக்கு.

முற்றமும் உறைகிணறும்

தமிழகத்தின் பழைய வீடு மழையை வெளியே தள்ளும் வீடன்று. நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து முற்றத்தில் நீரை இறக்கின. இறவாரத்தடியில் அண்டாவும் குடமும் வைத்து நீர் பிடித்தனர் பெண்டிர். செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்து நீரைப் பிடித்துச் சேர்த்தனர். மிகுதியானது கிணற்றுக்கும் ஊருணிக்கும் போகுமாறு வழியமைத்தனர். ஆறில்லாத அவ்வறண்ட நிலத்தில் பேரூர்கள் தழைத்தமைக்கு இதுவும் ஒரு கரணியம். வையைக் கரைக் கீழடியில் அகழ்ந்தபோது சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறுகள் வெளிப்பட்டன. மணற்பாங்கான மண் சரியாமல் நீரை எடுப்பது எவ்வாறு என்பதனை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர் அக்குடிகள். இன்று நிலத்தடிக்கு நீரூட்டுவதற்குக் கற்காரை வளையங்களை இறக்கி அமைக்கும் கிணறும் அதே உறைகிணற்றின் வழிவந்ததே. அன்று நீரை மேலே எடுக்க உறை இறக்கினர். இன்று கீழே அனுப்ப இறக்குகின்றனர்.

பழமையைப் பாடிக்கொண்டிருப்பதால் மட்டும் ஒரு குடம் நீரும் சேராது. அப்பழமையில் களையத்தக்கதும் இருந்தது. ஊருணியில் எல்லாரும் இறங்கி நீர்மொள்ள இடங்கொடாத சாதிக் கொடுமை அங்கே இருந்தது. அக்கொடுமையை வேரோடு களைந்து, நீரைப் போற்றிய முறையை மட்டும் எடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

சட்டம் வந்தது, கருத்து வரவில்லை

மழைநீர்ச் சேமிப்பைப் புதிய வீடுகளுக்கு மட்டுமன்றி, முன்பே கட்டிய வீடுகளுக்கும் கட்டாயமாக்கிய சட்டம் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் வந்தது. குறித்த நாளுக்குள் அமைக்காவிடில் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று அரசு எச்சரித்தது. ஊரெங்கும் குழி தோண்டினர். அடுத்த சில ஆண்டுகளில் நல்ல மழையும் பெய்யவே, சென்னையின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் உயர்ந்தது. உவர்த்துப்போன கிணறுகள் சில சுவை மாறின. வழி சரியானது என்பது அதனால் மெய்ப்பட்டது.

பின்னர் நேர்ந்தது என்ன? அச்சத்தாற் செய்த செயல் அச்சம் நீங்கியதும் கைவிடப்பட்டது. சான்றுக்காகத் தோண்டிய குழியில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடியவர் உண்டு. குழாயின் நுனியை மண்ணில் ஒரு சாண் செருகிவிட்டு அலுவலருக்குக் காட்டியவர் உண்டு. சுவருக்கு வண்ணம் பூசும்போது கழற்றிய குழாயைத் திரும்ப மாட்டாதவர் உண்டு. வண்டி நிறுத்தக் குழியின்மேல் ஓடு பாவியவர் பலர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பல வீடுகளில் அது தாளில் மட்டுமே வாழ்கிறது. சட்டம் வீட்டு வாயில்வரை வரும். அதற்குமேல் உள்ளே செல்வது கருத்து மட்டுமே.

வீடும் ஒரு சிற்றேரி

ஏரிக்கு வேண்டுவன நான்கு: வரத்துக்கால், கொள்ளிடம், கலிங்கு, ஆண்டுதோறும் தூரெடுத்தல். வீட்டுக்கும் இந்நான்குமே வேண்டும்.

முதலாவது வரத்துக்கால். மொட்டைமாடியே வீட்டின் நீர்ப்பிடிப்பு நிலம். அங்கே தட்டுமுட்டுப் பொருள்களும் காய்ந்த இலையும் புறா எச்சமும் கிடந்தால் அவையே குழாய்க்குள் இறங்கும். மாடியைப் பெருக்கித் தூய்மையாக வைத்தலே முதற்பணி. முதல் மழை கூரையைக் கழுவும் மழை. அதனைத் தனிக்குழாய் வழியே தோட்டத்து மண்ணுக்கு விட்டுவிட்டு, அதன்பின் வரும் நீரையே சேமிப்புக்குத் திருப்புதல் வேண்டும். குழாயின் வாயில் கம்பிவலை இடுக. இடையிலுள்ள வடிதொட்டியில் கூழாங்கல், சரளை, மணல் என அடுக்கி வைத்தால் தூசும் சருகும் தங்கிவிடும்.

இரண்டாவது கொள்ளிடம். இதனை மண்ணறிந்து செய்தல் வேண்டும். பெசன்று நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகள் மணற்பாங்கானவை; எளிய உறிஞ்சுகுழியே அங்குப் போதும். அங்கு நிலத்தில் இறங்கும் நன்னீர் கடலின் உவர்நீரை அண்டவிடாமல் தடுக்கும் அரணுமாகும். நிலத்தடி நீரை வரம்பின்றி உறிஞ்சியதால் மீஞ்சூர்ப் பகுதியில் 1960-களின் இறுதியிலிருந்தே கடல்நீர் உள்நிலத்திற் புகுந்ததை நினைவிற் கொள்க. தியாகராய நகர், அண்ணா நகர், மேற்கு மாம்பலம் போன்றவை களிமண் நிலங்கள். அங்கே வெறுங்குழி நாள்கணக்கில் நிறைந்தே நிற்கும். ஆகவே, குழியின் அடியிலிருந்து களிமண்ணைத் துளைத்து, அதன் கீழுள்ள மணற்படுகை வரை துளையிட்டுச் சரளையால் நிரப்புதல் வேண்டும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் போன்ற பாறை நிலங்களில் தொட்டியிற் சேமித்து முதலிற் பயன்படுத்திக்கொண்டு, மிகுதியைப் பழைய கிணற்றுக்கு அனுப்புதல் ஏற்றது. எங்காயினும், கைவிட்ட கிணறு ஒன்று வீட்டில் இருந்தால் அதனைக் குப்பைத் தொட்டியாக்குதல் பெரும்பிழை. நீரை நிலத்துக்குள் அனுப்ப அதனினும் சிறந்த வாயில் இல்லை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கிணற்றுக்கும் ஆழ்துளைக்கும் கூரைநீரை மட்டுமே, அதுவும் வடித்த பின்னரே விடுதல் வேண்டும். வண்டி நிற்கும் முன்றிலில் ஓடிய நீரை அவற்றிற் கலந்தால் எண்ணெயும் அழுக்கும் ஊர்க் கிணறுகள் அனைத்திற்கும் பரவும். அந்நீரை மணலும் சரளையும் இட்ட உறிஞ்சுகுழிக்கே அனுப்புக. மேலும், குழியைக் கழிவுநீர்த் தொட்டிக்கு அருகிலும் சுவரின் அடித்தளத்தை ஒட்டியும் அமைத்தல் ஆகாது.

மூன்றாவது கலிங்கு. குழி நிறைந்தபின் எஞ்சும் நீர் மழைநீர் வடிகாலுக்குச் செல்ல ஒரு வழி வேண்டும். சாக்கடைக்குச் செல்லும் வழி கூடாது. வீட்டைச் சுற்றிய நிலம் முழுதும் சிமிட்டி பூசுவதும் இந்நெறிக்கு மாறானதே. காலில் மண் ஒட்டாத வீடு, வாயிலில் வெள்ளம் ஒட்டிய வீடாக முடியும். நடைவழிக்கும் வண்டிக்கும் வேண்டிய அளவு கல் பாவி, இடையிடையே மண்ணும் புல்லும் விட்டு, எஞ்சிய இடத்தில் ஒரு முருங்கையோ வேம்போ வைத்தால் நிலமே நீரைக் குடித்துக்கொள்ளும்.

நான்காவது தூரெடுத்தல். பிற்காலத்தார் குடிமராமத்து என்றழைத்த ஊர்க்கூட்டு உழைப்பால் ஏரிகள் ஆண்டுதோறும் செப்பம் பெற்றன. வீட்டுக்கும் அவ்வழக்கம் வேண்டும். ஆவணி, புரட்டாசித் திங்கள்களில் மாடியைக் கழுவி, குழாயைப் பார்த்து, வடிதொட்டியின் மணலை அலசி, குழியின் சேற்றை அகற்ற ஒரு விடுமுறை நாள் போதும்.

மறுப்புரைகளுக்கு மறுமொழி

“இது அரசு செய்ய வேண்டிய பணி” என்பார் சிலர். அரசு செய்ய வேண்டியவை மிகப் பல. அவற்றைச் செய்யாமைக்கு அதனைப் பொறுத்தல் ஆகாது. ஏரிகளில் அரசே கட்டடம் கட்டுவதை நிறுத்துதல் வேண்டும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுச்சாலை போட்டுப் போட்டு வீடுகளையெல்லாம் பள்ளமாக்கும் கேட்டை ஒழித்தல் வேண்டும். மழைநீர் வடிகாலை நீர் கசியாத கற்காரைப் பெட்டியாக மட்டும் கட்டாமல், இடையிடையே நிலத்துக்குள் நீர் இறங்கும் கிணறுகளை அமைத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் கேட்டுப் பெறுவது மக்கள் உரிமை. ஆயினும், தன் கூரைநீரைத் தெருவிற் கொட்டுபவன் அவ்வுரிமைக் குரலை எழுப்பும்போது அதில் ஆண்மை இராது. தன் பங்கைச் செய்தவன் கேட்கும் கேள்விக்கே அரசு அஞ்சும்.

“அடுக்ககத்தில் இடமேது?” என்பார் சிலர். முப்பது குடும்பத்திற்கும் கூரை ஒன்றே; உறைகிணறு ஒன்றிரண்டு போதும்; செலவு முப்பது பங்காகப் பிரியும். தனி வீட்டாரைவிட அவர்க்கே இது எளிது. “கொசு பெருகும்” என்பார் சிலர். மூடியும் வலையும் இட்ட குழியில் கொசு புகாது. தெருவிலும் வெற்று மனையிலும் தேங்கும் நீரில்தான் அது முட்டையிடுகிறது.

“49 செ.மீ. மழையைக் குழி தடுக்குமோ?” என்பதே இறுதிக் கேள்வி. தடுக்காது. அத்தகைய நாளில் அணையும் ஆறுமே திணறும், வீட்டுக்குழி எம்மட்டு? பொய்யான உறுதி கூறி எவரையும் ஏமாற்ற வேண்டுவதில்லை. ஆனால், ஊழிமழை பல ஆண்டுகளுக்கொருமுறை வருவது. ஆண்டுதோறும் வருவது இரண்டு மூன்று மணி நேரப் பெருமழை. அதிலேயே முழங்காலளவு நீர் நிற்கும் தெருக்கள் எத்தனை! அந்நீரில் பெரும்பங்கைக் கூரைகளும் முன்றில்களும் தம்மிடமே நிறுத்திக்கொண்டால், தெரு வடியும், சாக்கடை பொங்காது, கோடையில் கிணறு ஊறும். பேரிடரைத் தடுக்க இயலாது என்பதற்காகச் சிற்றிடரையும் வரவேற்று நிற்பது அறிவுடையார் செயலன்று.

பள்ளிகள் இதில் முன்னிற்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கூரையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, அன்றைய மழையளவைச் செய்தித்தாளிற் பார்த்து, தம் வீடு எத்தனை இலிட்டரைத் தெருவுக்குத் தள்ளியது என்று கணக்கிட்டு வரட்டும். “அந்நீர் எங்கே போயிற்று?” என்று பிள்ளை கேட்டால் பெற்றோர் மறுமொழி சொல்லியாக வேண்டும். அலுவலரின் அறிவிப்பு செய்யாததை அக்கேள்வி செய்யும்.

ஐப்பசி அடைமழை எவரது அணியத்திற்காகவும் காத்திராது. அதற்குமுன் ஒவ்வொரு வீட்டாரும் மாடிக்கு ஏறிப் பார்க்கட்டும்; குழாய் எங்கே போகிறது என்று அதன் வழியே கண்ணையோட்டி அடிவரை இறங்கி வரட்டும். அது மண்ணுக்குப் போகுமாயின் நன்று. சாக்கடைக்கோ தெருவுக்கோ போகுமாயின், அதனைத் திருப்புவதே அவ்வீட்டார் தம் ஊருக்குச் செய்யும் முதற்றொண்டு. ஏரிகளைக் காத்த முன்னோரைப் புகழும் வாய், தன் வீட்டுக்கு ஒரு கலிங்கு அமைத்தபின் புகழட்டும். வீடு நிறைந்தபின் தெரு. தெரு நிறைந்தபின் ஆறு. இம்முறை திரும்பும் நாளில் வெள்ளமும் தணியும், வேட்கையும் தணியும்.